தேக்சா கணக்கும் குப்பைக் கணக்கும்: நம் நிகழ்ச்சிகளை விரயமின்றி நடத்துவது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் நம் அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் விழா நடந்து முடிந்த மறுநாள். ஃபஜ்ர் தொழுகை முடித்து மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். மண்டபத்தின் பின்வாசலில் தூய்மைப் பணியாளர் ஒருவர் கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துத் தரையில் கொட்டிக்கொண்டிருந்தார். கையுறை இல்லை. சோறு, எலும்பு, தயிர் பச்சடி, தண்ணீர் பாட்டில், டீ கப், மேடையில் ஒட்டியிருந்த தெர்மாகோல் எழுத்துகள் எல்லாம் ஒரே பையில் கிடந்தன. எங்களைப் பார்த்ததும், "எலும்பையும் கப்பையும் ஒண்ணாப் போட்டா நான் எப்படி பாய் பிரிக்கிறது?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. எங்களிடம் பதில் இல்லை.

அன்று மாலை கணக்குப் பார்க்க உட்கார்ந்தோம். 600 பேருக்குச் சமைத்திருந்தோம். வந்து சாப்பிட்டவர்கள் 420 பேர். ஓர் ஆள் சாப்பாட்டுக்கு 150 ரூபாய் ஆகியிருந்தது. 180 பேருடைய சாப்பாடு என்றால் 27,000 ரூபாய். அதில் கொஞ்சம் பொட்டலமாகப் போனது. பெரும்பகுதி அந்தக் கறுப்புப் பைகளுக்குள் போனது. அதே வாரத்தில்தான் ஒரு மாணவரின் பாலிடெக்னிக் கட்டண மனுவை, "இந்த ஆண்டு நிதி முடிந்துவிட்டது" என்று எழுதித் திருப்பியிருந்தோம். அவர் கேட்டது 18,000 ரூபாய். கல்வி உதவிக்காக நடத்திய விழாவிலேயே அந்தத் தொகையைக் குப்பையில் கொட்டியிருக்கிறோம் என்று பொருளாளர் சொன்னபோது யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மக்கள் நம்மை நம்பிக் கொடுத்த பணம் அமானத். அதை விரயம் செய்வது சுற்றுச்சூழல் பிரச்சினை ஆவதற்கு முன்பே நம் பொறுப்பில் நேர்ந்த குறை.

அதற்குப் பிறகு நாங்கள் கற்றுக்கொண்டதையும், செய்து பார்த்ததையும், இன்னும் சரிவராததையும் இங்கே எழுதுகிறோம். விழாவுக்குச் சொன்னது நிக்காஹ், வலீமா, அகீகா, இஃப்தார், மருத்துவ முகாம், மாவட்ட மாநாடு எல்லாவற்றுக்கும் பொருந்தும். அளவுதான் மாறும்.

முதலில் சோறு, ஏனென்றால் பெரிய விரயம் அங்கேதான். 420 பேர் வரும் இடத்தில் 600 பேருக்கு எப்படிச் சமைத்தோம்? தேடிப் பார்த்ததில் தவறு செய்தவர் ஒருவர் அல்ல, மூன்று பேர் என்று தெரிந்தது. செயலாளர் எதிர்பார்த்தது 500 பேர். பொருளாளர், "குறைந்துவிட்டால் மானக்கேடு" என்று 50 சேர்த்தார். பண்டாரி, "தேக்சா கணக்குக்கு 600 தான் சரியா வரும்" என்று இன்னும் 50 சேர்த்தார். மூவரும் நல்ல எண்ணத்தில்தான் சேர்த்தார்கள். மற்றவர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார் என்பது ஒருவருக்கும் தெரியாது. நம் வீட்டுக் கல்யாணங்களிலும் இதுதான் நடக்கிறது. மாப்பிள்ளையின் அத்தா ஒரு கணக்கு, தாய்மாமா ஒரு கணக்கு, பண்டாரி ஒரு கணக்கு. எனவே முதல் பாடம் இதுதான்: கூடுதலாகச் சேர்க்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருக்கட்டும். அவர் சொல்லும் எண்ணை மற்றவர்கள் தொடக்கூடாது.

அந்த 500 என்ற எண்ணும் பிழைதான். "குடும்பத்துடன் வருக" என்று அழைப்பிதழ் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு நான்கு பேர் என்று பெருக்கியிருந்தோம். அன்று பள்ளித் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அடுத்த தெருவில் ஒரு கல்யாணமும் இருந்தது. இரண்டையும் யாரும் பார்க்கவில்லை. அடுத்த ஆண்டு தெருவுக்கு ஒரு சகோதரரும் ஒரு சகோதரியுமாகப் பொறுப்புக் கொடுத்தோம். மூன்று நாட்களுக்கு முன் வீடு வீடாகத் தொலைபேசியில் கேட்டார்கள். ஆண்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், பத்து வயதுக்குக் கீழே எத்தனை பேர் என்று தனித்தனியாகக் குறித்தார்கள். பெண்கள் பகுதிக்கு ஆண்கள் உட்கார்ந்து மதிப்புப் போட்டால் ஒருபோதும் சரியாக வராது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சகோதரிகள் கொண்டுவந்த எண் எங்கள் மதிப்பைவிடத் துல்லியமாக இருந்தது.

அப்படியும் ஒரு பயம் இருக்கும். எண்ணைவிட அதிகம் பேர் வந்துவிட்டால்? இதற்குப் பண்டாரியே ஒரு வழி சொன்னார். பிரியாணியை உறுதியான எண்ணுக்கு மட்டும் ஏற்றுவது. ஒரு கிலோ அரிசி ஏறக்குறைய பத்துப் பேருக்கு வரும் என்பது அவர்கள் கணக்கு. 400 பேர் உறுதி என்றால் 40 கிலோ. அதற்கு மேல் வருபவர்களுக்காக அரிசியும் பருப்பும் காய்கறியும் மூட்டையாகவே இருக்கட்டும். வாசலில் ஒருவர் தலை எண்ணிக்கொண்டே இருப்பார். எண்ணிக்கை 350-ஐத் தாண்டி, இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தால், நெய்ச்சோற்றுக்கும் தாளிச்சாவுக்கும் அடுப்பு பற்றவைக்கப்படும். வராவிட்டால், அடுப்பில் ஏறாத அரிசி அரிசியாகவே வீடு திரும்பும். அந்த ஆண்டு 460 பேர் வந்தார்கள். கடைசிப் பந்திக்கு நெய்ச்சோறுதான் போட்டோம். ஒரு பெரியவர் முகம் சுளித்தார். உண்மைதான், அவருக்குக் குறைதான். ஆனால் மீந்தது பத்துப் பேர் சாப்பிடும் அளவுகூட இல்லை.

அரிசியை வீணாக்கினால் அரிசி மட்டும் வீணாவதில்லை. ஒரு கிலோ அரிசி விளைந்து வர, உலகச் சராசரிக் கணக்கில் சுமார் 2,500 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. ஒரு கிலோ கோழிக்கறிக்குச் சுமார் 4,300 லிட்டர், ஆட்டுக்கறிக்குச் சுமார் 5,500 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எங்கள் விழாவில் கூடுதலாகப் பொங்கிய 18 கிலோ அரிசிக்குப் பின்னால் மட்டும் 45,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி கிட்டத்தட்ட நான்கு. கோடையில் ஒரு லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெருக்காரர்கள் நாம். குப்பைமேட்டில் புதைந்த சோறு அழுகும்போது மீத்தேன் வாயு வருகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல எண்பது மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. 2022-இல் உலகம் முழுவதும் 105 கோடி டன் உணவு வீணாக்கப்பட்டது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. அதில் சுமார் 60 சதவீதம் வீடுகளிலிருந்து போனது. ஆகவே கல்யாண மண்டபத்தை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது.

பரிமாறும் முறையிலும் நிறைய இருக்கிறது. நம் கடலோர ஊர்களில் சஹனில் சாப்பிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு தட்டைச் சுற்றி மூன்று நான்கு பேர் உட்கார்வார்கள். தேவைக்கேற்ப நடுவில் சோறு வரும். ஒருவர் குறைவாக உண்டால் இன்னொருவர் அதை நிறைவு செய்வார். கழுவ வேண்டிய தட்டும் மூன்றில் ஒரு பங்காகிறது. இரண்டு பேரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் ஹதீஸை நாம் மேடையில் சொல்கிறோம். சஹனில் உட்கார்ந்தால் அது கண்முன்னே நடப்பதைப் பார்க்கலாம். ஆனால் எல்லோருக்கும் இது ஒத்துவராது. நோயுற்றவர்களும், கூச்சப்படும் விருந்தினர்களும், பிற சமய நண்பர்களும் இருப்பார்கள். அவர்களுக்குத் தனித்தட்டு வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

தனித்தட்டில் பரிமாறும்போது செய்யக்கூடியது எளிது. முதல் சுற்றில் சிறிய கரண்டி. கேட்டவர்களுக்கு உடனே இரண்டாவது சுற்று. குழந்தைகளுக்குப் பாதி. பரிமாறும் இளைஞர்களிடம், "விருந்தாளி போதும் என்று கை காட்டினால் நிறுத்திவிடுங்கள், வற்புறுத்த வேண்டாம்" என்று முன்பே சொல்லிவையுங்கள். வற்புறுத்திப் போடுவதை நாம் உபசாரம் என்று நினைக்கிறோம். அந்தச் சோறு எங்கே போகிறது என்று பின்வாசலில் நின்று ஒருமுறை பாருங்கள்.

மீந்ததைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். "ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறோம். இரவு பதினொரு மணிக்கு, ஆறிப்போன பிரியாணியை ஒரு முதியோர் இல்லத்தின் கதவைத் தட்டிக் கொடுத்திருக்கிறோம். அங்கே எல்லோரும் தூங்கிவிட்டிருந்தார்கள். காவலாளி வாங்கிக்கொண்டார், மறுநாள் அது என்னவாகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கறி சேர்ந்த சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமிகள் பெருகும். கொடுப்பதானால், பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே, தேக்சாவில் கைபடாமல் இருப்பதைச் சூடாக மூடி அனுப்ப வேண்டும். யாருக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்கு என்று முதல் நாளே பேசிவைத்திருக்க வேண்டும். 2014-இல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' போன்ற அமைப்புகள் இந்த வேலையை முறையாகச் செய்கின்றன. உபரி உணவை எப்படிச் சேகரித்து வழங்க வேண்டும் என்பதற்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறையும் வகுத்திருக்கிறது. இருந்தாலும், செல்வர்களை மட்டும் அழைத்து ஏழைகளை விட்டுவிடும் வலீமாவின் உணவைத்தான் நபியவர்கள் மோசமான உணவு என்றார்கள். மீந்ததை அனுப்புவதைவிட, முதல் பந்தியிலேயே அவர்களை உட்காரவைத்துப் பரிமாறினால் மீதமும் இராது, மரியாதையும் கெடாது.

அடுத்து தட்டும் தண்ணீரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், தெர்மாகோல் கப், உறிஞ்சுகுழல், உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றோடு, பலருக்குத் தெரியாத ஒன்றும் அந்தப் பட்டியலில் இருக்கிறது: பிளாஸ்டிக் பூசிய காகித டீ கப்பும் காகிதத் தட்டும். "பேப்பர் கப்தானே" என்று நாம் வாங்குவதின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால்தான் டீ ஒழுகுவதில்லை. அதனால்தான் அது மக்குவதும் இல்லை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதற்குமான தடை வந்தது. மேடை அலங்காரத் தெர்மாகோலும் அதில் அடங்கும். தடை இருக்கிறது, கடையில் சரக்கும் இருக்கிறது என்பது நாம் அறிந்ததே. கடைக்காரர் விற்கிறார் என்பது நாம் வாங்குவதற்குக் காரணம் ஆகாது.

எவர்சில்வர் தட்டும் டம்ளரும்தான் நாங்கள் கண்ட நல்ல வழி. கேரளத்தில் 2015-இல் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளின்போது 'கிரீன் புரோட்டோகால்' என்ற ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். தூக்கியெறியும் பொருள் எதுவும் வளாகத்துக்குள் வரக்கூடாது; கழுவிப் பயன்படுத்துவதைத்தான் வைக்க வேண்டும். பிறகு அது அங்கே கல்யாணங்களுக்கும் திருவிழாக்களுக்கும் பரவியது. பெரிய மாநாடுகளுக்கு ஐ.எஸ்.ஓ. 20121 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. லண்டன் ஒலிம்பிக் நடந்த 2012-இல் வெளியானது. நமக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் நல்லது: நிகழ்ச்சி முடிந்த பிறகு குப்பையை என்ன செய்வது என்று யோசிக்காமல், திட்டமிடும் முதல் கூட்டத்திலேயே அதைப் பேசு.

தட்டைக் கழுவத் தண்ணீர் ஆகுமே என்று ஒரு சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. ஓடும் குழாயில் கழுவினால் ஆகத்தான் செய்யும். மூன்று பெரிய அண்டா வையுங்கள். முதலில் எச்சிலை வழித்துத் தனிவாளியில் தட்டிவிட்டு, ஒன்றில் ஊறவைத்து, இரண்டாவதில் தேய்த்து, மூன்றாவதில் அலசினால் மிகக் குறைந்த தண்ணீரில் முடியும். கழுவுபவர்களுக்குக் கூலி கொடுங்கள். தூக்கியெறியும் தட்டுக்குச் செலவிடும் பணம் அதற்குப் போகட்டும். தண்ணீர் அறவே இல்லாத இடம் என்றால் வாழையிலை நல்லது. ஆனால் கறிச்சாறும் எலும்பும் ஒட்டிய இலையை மாட்டுக்குப் போடாதீர்கள். எலும்பைத் தனியே பிரித்து, இலையை மண்ணும் சருகும் இடையிட்டுக் குழியில் போட்டால் எருவாகும்.

குடிதண்ணீருக்குச் சிறு பாட்டில் வைப்பது இப்போது கௌரவமாகிவிட்டது. பாதி குடித்த பாட்டில்தான் ஒவ்வொரு நாற்காலிக்கு அடியிலும் கிடக்கும். ஒரு 20 லிட்டர் கேன், நாற்பது அரை லிட்டர் பாட்டிலுக்குச் சமம். ஆளுக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தாலும் 420 பேருக்கு 16 கேன் போதும். குழாய் வைத்த கேனும் எவர்சில்வர் டம்ளரும் பந்திக்குப் பந்தி வைத்தோம். யாரும் குறை சொல்லவில்லை.

ரமளானில் நோன்புக் கஞ்சிக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் தூக்குவாளியோடு பள்ளிவாசல் வாசலில் நிற்பார்கள். இப்போது கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கொடுக்கிறோம். இது குப்பைப் பிரச்சினை மட்டுமல்ல, சூடான கஞ்சி பிளாஸ்டிக்கில் படுவது உடம்புக்கும் ஆகாது. "பாத்திரம் கொண்டுவந்தால் மட்டுமே கஞ்சி" என்று ஒரு நிர்வாகம் முடிவெடுத்தால் முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருக்கும். மூன்றாம் நாள் தூக்குவாளிகள் பரணிலிருந்து இறங்கிவிடும். ஒளு செய்யுமிடத்தையும் இத்தோடு பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து தண்ணீரில் ஒளு செய்ததாக ஹதீஸ் இருக்கிறது. அது முக்கால் லிட்டருக்கு உள்ளே. குழாயை முழுதாகத் திறந்துவிட்டு நாம் இரண்டு நிமிடம் நின்றால் பல மடங்கு போய்விடுகிறது. இஃப்தார் நாளில் முந்நூறு பேர் ஒளு செய்யும் பள்ளியில், குழாயின் வாயைச் சிறிதாக்குவதும் அந்தத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பிவிடுவதும் ஒரு பிளம்பரின் ஒருநாள் வேலை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். பேனர் வேண்டாம். 2019-இல் சென்னையில் சாலையில் வைத்த பேனர் சரிந்து ஓர் இளம்பெண் இறந்ததை மறந்திருக்க மாட்டோம். அதுவும் ஒரு கல்யாண வீட்டுப் பேனர்தான். அழைப்பை நேரில் சொல்லலாம், செல்பேசியில் அனுப்பலாம். அட்டை அச்சடித்தால் வீட்டுக்கு ஒன்று போதும். நேரத்தை அஸருக்குப் பின் வைத்து இஷாவுக்குள் முடித்தால் பகல் வெளிச்சமும் கிடைக்கும், திரும்பிப் போகப் பேருந்தும் கிடைக்கும். வெளியூர் மாநாடு என்றால் ஆளுக்கொரு காரில் போவதுதான் பெரிய மாசு. ஊருக்கு ஒரு வேன் பேசுங்கள். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ அளவுக்குக் கரியமில வாயு வருகிறது, ஜெனரேட்டருக்கும் இதே கணக்குதான். ஏசி மண்டபத்தில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் அமைப்பு. நினைவுப் பரிசாகக் கேடயம் கொடுப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். மாணவர்களுக்குக் கேடயத்தால் எந்தப் பயனும் இல்லை. அந்தக் காசுக்கு அகராதி வாங்கிக் கொடுக்கிறோம்.

குப்பைக்கு வருவோம். உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால், மூன்று வேலை நாட்களுக்கு முன் உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வகுத்தன. தெருவில் பந்தல் போடும் நம்மில் எத்தனை பேர் தெரிவித்திருப்போம்? தெரிவித்தால் நமக்குத்தான் நன்மை. வண்டி எப்போது வரும் என்று தெரிந்துவிடும். பச்சை வாளியில் சோறும் இலையும், நீல வாளியில் காய்ந்த குப்பை, தனியே ஒரு சிறிய வாளியில் எலும்பு. வாளி வைத்தால் மட்டும் போதாது, பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். முதல் ஆண்டு வாளி மட்டும் வைத்தோம். மூன்றிலும் எல்லாம் கிடந்தன. இரண்டாம் ஆண்டு மதரஸா மாணவர்கள் முறைவைத்து நின்றார்கள். "மாமா, எலும்பு அதுல" என்று ஒரு பையன் சொன்னால் எந்த மாமாவும் தட்ட மாட்டார். பெண்கள் பகுதியிலும் அதேபோல் சகோதரிகள் நின்றார்கள். அங்கே குழந்தைகளின் டயப்பருக்கு மூடியுள்ள வாளி ஒன்று தனியே வேண்டும் என்பதை அவர்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

எங்களுக்கு இன்னும் சரிவராதவையும் உண்டு. மண்டபத்தின் ஒப்பந்தக்காரரே சமையலும் செய்யும் இடங்களில் நாம் சொல்லும் எண்ணை அவர்கள் ஏற்பதில்லை. குறைந்தபட்சம் இத்தனை தட்டு என்று நிபந்தனை போடுகிறார்கள். அங்கே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிட வேண்டும், பிறகு பேசிப் பலனில்லை. மாப்பிள்ளை வீட்டார் கேட்டுவிட்டார்கள் என்று பதினெட்டு வகை வைக்கும் குடும்பத்திடமும் நாங்கள் தோற்றுத்தான் போகிறோம். வசதியான நான்கு வீடுகள் முதலில் குறைத்தால்தான் கடன் வாங்கி வைக்கும் வீடுகளுக்கு மூச்சு விட முடியும்.

நம் அறக்கட்டளையில் இப்போது 300 பேருக்கான எவர்சில்வர் தட்டும் டம்ளரும், 60 சஹன்களும், குழாய் வைத்த எட்டு டிரம்களும், மூன்று நிறத்தில் பன்னிரண்டு வாளிகளும் இருக்கின்றன. ஜமாஅத்துக் குடும்பங்களுக்கும் அக்கம்பக்கத்துப் பிற சமயக் குடும்பங்களுக்கும் வாடகையின்றி இரவலாகக் கொடுக்கிறோம். ஒரு வாரம் முன்பு அலுவலகப் பதிவேட்டில் பெயர் எழுதிவிடுங்கள். எண்ணி வாங்கி, கழுவி, எண்ணித் திருப்பித் தாருங்கள். ஷஅபான் மாதமும் ரமளானுக்குப் பிந்தைய கல்யாணக் காலமும் இப்போதே நிரம்பிவருகின்றன.